பாஸ்போர்ட்ல சர்நேம் காலி, டிக்கெட்ல அப்பா பேரு

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, சின்னப்புள்ளையில படத்துல பாத்ததுலேருந்து அங்கோர்வாட் போவணும்னு ஆசை, இப்பதான் தனியா கிளம்புதேன், முதல் வெளிநாடு. 22ஆம் தேதி திருச்சி டூ கோலாலம்பூர், அங்கேருந்து அங்கோர்வாட் பக்கத்து ஊரு சியாம் ரீப், ரெண்டும் தனித்தனி டிக்கெட்டு.

பாஸ்போர்ட்ல கிவன் நேம் மட்டும்தான், சர்நேம் காலி. புக் பண்ணும்போது அந்தக் கட்டம் செவப்பா மின்னிக்கிட்டே இருந்துச்சா, அப்பா பேரைப் போட்டுத் தொலைச்சிட்டேன். கம்போடியா இ-விசாவுல ஒத்தப் பேருதான் வந்திருக்கு. கஸ்டமர் கேர்ல மூணு தடவை பேசியாச்சு, ஒருத்தரு பிரச்சினை இல்லங்காரு, இன்னொருத்தரு கேன்சல் பண்ணிட்டு புதுசா போடுங்காரு. பாளையங்கோட்டையில ஒரு டிராவல்ஸ்ல கேட்டா ஏர்போர்ட்ல பாத்துக்கலாம்ங்காவ. பாஸ்போர்ட் கடைசிப் பக்கத்துல அப்பா பேரு இருக்கு, அவ்வளவுதான் நமக்கு ஆதாரம். அம்மா வேற முறுக்கு சுட்டு டப்பால அடைச்சிட்டாவ.

இதே மாதிரி ஒத்தப் பேரு பாஸ்போர்ட்டும் அப்பா பேரு சேத்த டிக்கெட்டுமா போனவிய யாராச்சும் இருக்கியளா, செக்கின்ல விட்டாவளா?