அந்துருண்டை வாடை ஏறிய மர அலமாரி: வழி சொல்லுங்கள்
அந்துருண்டை நாப்தலீனாக இருக்கலாம், பாராடைகுளோரோபென்சீனாக இருக்கலாம். இரண்டுமே பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் 2பி பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை என்ற பட்டியலில் உள்ளன. சான்று பெரும்பாலும் விலங்குச் சோதனைகளிலிருந்துதான். பதற வேண்டாம், ஆனால் படுக்கையறைக்கு ஆகாது.

எந்த வகை என்று அறிய, அரை கப் வெதுவெதுப்பான நீரில் 3 மேசைக்கரண்டி உப்பைக் கலக்கி, அதில் ஓர் உருண்டையைப் போடுங்கள். நாப்தலீன் மிதக்கும், மற்றது மூழ்கும். வெறும் நீரில் இரண்டுமே மூழ்கிவிடும்.

உருண்டைகளை அகற்றினாலும் பூச்சில்லாத மரம் ஆவியை உறிஞ்சி, மெல்ல மெல்ல வெளிவிடுகிறது. நாப்தலீன் நீரில் கரையாததால் துடைத்துப் பயனில்லை. வெயிலும் காற்றோட்டமும் உதவும். நகர்த்த முடியாத சுவர் அலமாரிக்கு என்ன செய்வது? வாடையை அடைக்க உட்புறம் ஷெல்லாக் (அரக்கிலிருந்து செய்யும் மர மெருகு) பூசியவர்கள் உண்டா? எத்தனை பூச்சு, எவ்வளவு உலரவிட்டீர்கள், வாடை திரும்பியதா? தயவுசெய்து விவரமாக எழுதுங்கள்.