மூன்று லட்சம் நர்ஸ் இருக்கிறார்களாம், பார்த்தவர்கள் கையைத் தூக்குங்கள்

மூன்றாம்ஷிப்ட்:
நேற்று இந்தக் களத்தின் வேலைவாய்ப்பு இழையில் கொங்குவேல் என்பவர் போகிற போக்கில் ஒரு முத்தை உதிர்த்துவிட்டுப் போயிருக்கிறார். "தமிழ்நாட்டில் நர்ஸ் பற்றாக்குறை என்பது கட்டுக்கதை. நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்தவர்கள் மட்டும் மூன்று லட்சத்துக்கு மேல். வேலை இருக்கிறது, வரத்தான் யாருக்கும் மனசில்லை." அதற்குக் கீழே ஆளாளுக்கு "உண்மை", "சரியாகச் சொன்னீர்கள்" என்று கைதட்டல் வேறு. அங்கேயே பதில் போட்டால் அங்கே நடக்கிற செல்போன் கம்பெனிச் சண்டைக்குள் காணாமல் போய்விடும், அதனால் தனி இழை.

நான் அரசு மருத்துவமனையில் ஒப்பந்த நர்ஸ். மனசில்லாமல் வேலைக்குப் போகாமல் இருப்பவள் இல்லை. எனக்கு முன்னால் 2015இல் எம்ஆர்பி (அரசு மருத்துவமனைகளுக்கு ஆள் எடுக்கும் வாரியம்) தேர்வு எழுதி வந்தவர்களுக்கு 7,700 ரூபாய் தொகுப்பூதியம், இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்று சொல்லித்தான் எடுத்தார்கள். ஆகவில்லை. 2017 நவம்பரில் சென்னை தேனாம்பேட்டையில் டிஎம்எஸ் எனும் மருத்துவத் துறை இயக்குநரக வளாகத்தில் போராட்டமாகப் போய் உட்கார்ந்தார்கள், உயர் நீதிமன்றம் எழுந்து போகச் சொன்னது. அப்புறம் 14,000, அப்புறம் 18,000. கொரோனா காலத்தில் கூப்பிட்டு எடுத்தவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை 2022 டிசம்பர் 31ஆம் தேதியோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். வர மனசில்லாதவர்களா அவர்கள்? என் வார்டில் முப்பத்தெட்டு படுக்கை, தரையில் பாய் போட்டிருப்பவர்கள் தனிக்கணக்கு, இரவில் நான் ஒருத்தி. அந்த மூன்று லட்சம் பேரில் ஒருவரை இன்றைக்கு ராத்திரி அனுப்பி வையுங்கள் வேல் அண்ணா, டீ நான் வாங்கித் தருகிறேன்.

கொங்குவேல்:
என் பெயரைப் போட்டே இழை தொடங்கியதற்கு நன்றி தங்கச்சி. மூன்று லட்சம் என்பது நான் கனவு கண்டு சொன்னது இல்லை, இந்திய நர்சிங் கவுன்சில் மாநில வாரியாக வெளியிடும் பட்டியல். உங்கள் வார்டில் ஆள் இல்லை என்றால் அரசு பணியிடம் உருவாக்கவில்லை என்று அர்த்தம், மாநிலத்தில் நர்ஸ் இல்லை என்று அர்த்தம் இல்லை. நான் ஒரு 120 படுக்கை மருத்துவமனையில் ஆள் எடுக்கும் வேலையில் இருக்கிறேன். இன்டர்வியூவுக்கு வருகிறார்கள், சேர்கிறார்கள், மூன்றாம் மாதம் ஓஇடி (வெளிநாட்டு வேலைக்கான ஆங்கிலத் தேர்வு) வகுப்பு என்று நின்றுவிடுகிறார்கள். மூன்று லட்சம் பேர் பதிவு, எனக்கு இருபது பேர் கிடைக்கவில்லை. இதற்குப் பெயர் பற்றாக்குறையா, மனசில்லையா?

மூன்றாம்ஷிப்ட்:
தங்கச்சி வேண்டாம். சம்பளம் எவ்வளவு கொடுக்கிறீர்கள், அதை மட்டும் எழுதுங்கள்.

கொங்குவேல்:
அண்ணா என்று முதலில் கூப்பிட்டது நீங்கள். சரி, மேடம். தகுதிக்கேற்ற சம்பளம்.

புள்ளிவிவரப்புலி:
இரண்டு பேரும் ஒரு நிமிடம். கவுன்சில் பதிவேடு என்பது பெயரைச் சேர்த்துக்கொண்டே போவது. ஓய்வு பெற்றவர், வெளிநாடு போனவர், கல்யாணத்தோடு வேலையை விட்டவர், இறந்தவர் எல்லாரும் உள்ளே இருப்பார்கள். டாக்டர் விகிதம் சொல்லும்போது மத்திய அரசே பதிவு செய்தவர்களில் 80 சதவீதம் பேர்தான் பணியில் இருப்பார்கள் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. நர்ஸுக்கு நாடாளுமன்றத்தில் சொன்ன 1,000 பேருக்கு 1.96 என்பது அந்தக் கழிவுகூட இல்லாமல் மொத்தப் பதிவை வைத்துப் போட்டது. இதைச் சரிசெய்யத்தான் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் நேரடிப் பதிவேடு, தனி அடையாள எண் எல்லாம் கொண்டுவந்தார்கள். ஆகவே முதலில் "இருக்கும் நர்ஸ்" என்றால் யார் என்று முடிவு செய்துவிட்டு

கொங்குவேல்:
புலி, அப்படியே 80 சதவீதம் என்று வைத்தாலும் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். அதுவும் கொஞ்சமா?

மூன்றாம்ஷிப்ட்:
புலி அவர்களே, 80 என்பது யாரோ மேஜையில் உட்கார்ந்து போட்ட எண். போன மாதம் லேப் டெக்னீஷியன் இழையிலும் இப்படித்தான் நடுவில் வந்து விகிதம் சொல்லிவிட்டுப் போனீர்கள், அங்கேயும் யாருக்கும் உபயோகமில்லை. எனக்குத் தெரிந்த விகிதம் ஒன்றுதான். கற்பிக்கும் மருத்துவமனையில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற இடத்தில் ஐந்துக்கு ஒன்று, ஐசியுவில் ஒன்றுக்கு ஒன்று. எழுதியது அதே கவுன்சில். அந்தப் பட்டியலை நம்புகிற வேல், இந்தப் பட்டியலை ஏன் நம்பவில்லை?

ரியாத்செவிலி:
வணக்கம். அந்த மூன்று லட்சத்தில் நானும் ஒருத்தி. டேட்டாஃப்ளோ எனும் சான்றிதழ் சரிபார்ப்பு முடித்து, பிரோமெட்ரிக் எனும் வளைகுடா உரிமத் தேர்வு எழுதி, ரியாதில் டயாலிசிஸ் பிரிவில் இருக்கிறேன். பதிவு இன்னும் தமிழ்நாட்டில்தான். என் சித்தியும் அதில் இருப்பார், அவர் காலமாகிப் பல வருடம் ஆகிறது, பெயரை நீக்கச் சொல்லி வீட்டில் யாரும் எழுதிக் கொடுத்ததில்லை. கொங்குவேல் சார் அவரையும் இன்டர்வியூவுக்குக் கூப்பிடலாம்.

கொங்குவேல்:
அரசுப் பணத்தில் படித்துவிட்டு ரியாதில் உட்கார்ந்து நக்கல் அடிக்கலாம் சிஸ்டர். போனது உங்கள் மனசு. நான் சொன்னதும் அதுதான்.

ரியாத்செவிலி:
அரசுப் பணமா? சேலம் பக்கம் தனியார் கல்லூரி, அப்பா நிலத்தை அடமானம் வைத்துக் கட்டிய ஃபீஸ். படித்து முடித்து முதலில் சேர்ந்த மருத்துவமனையில் ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டு இரண்டு வருட பாண்டு எழுதி வாங்கினார்கள். கையில் வந்த சம்பளம் கடன் வட்டிக்குக் காணவில்லை. எந்த மருத்துவமனை என்று இங்கே சொல்ல மாட்டேன், உங்களைப் போல ஆள் எடுக்கிறவர் ஒருவர்தான் பூட்டினார்.

கொங்குவேல்:
நாங்கள் அப்படி வாங்குவதில்லை.

மூன்றாம்ஷிப்ட்:
பாண்டு வாங்குவதில்லை, சரி. சம்பளம்?

நாஞ்சிலான்:
எங்கள் பக்கத்து விஷயம் ஒன்று சொல்கிறேன். நாகர்கோவிலிலும் கோயம்புத்தூரிலும் நர்சிங் கல்லூரிகளில் கேரளப் பிள்ளைகள் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். படித்து முடித்ததும் இங்கே பதிவு, அப்புறம் நேராகக் கொச்சி, அங்கிருந்து லண்டன். மூன்று லட்சத்தில் அந்தக் கணக்கையும் கழிக்க வேண்டும். ஆனால் அவர்களிடம் ஒன்று கற்றுக்கொள்ளலாம். 2011இல் திருச்சூரில் சங்கம் தொடங்கினார்கள், 2017இல் தனியார் மருத்துவமனைகளில் வேலைநிறுத்தம், 2018இல் 20,000 ரூபாய் குறைந்தபட்ச ஊதியம் என்று அரசாணையே வந்தது. நம் ஊரில் சங்கம் என்றாலே வீட்டில் திட்டுவார்கள்.

கொங்குவேல்:
அவ்வளவு நன்றாக இருந்தால் கேரள அரசே நோர்க்கா எனும் தன் வெளிநாடுவாழ் கேரளர் அமைப்பு மூலம் ஜெர்மனிக்கு ஏன் ஆள் அனுப்புகிறது? சங்கம் வைத்த ஊரிலும் ஆள் நிற்கவில்லை. எடுத்துக்காட்டு சொல்வதற்கு முன் யோசிக்கலாம் நாஞ்சில்காரரே. அல்லது அந்தப் பக்கம் பாசம் கொஞ்சம் அதிகமோ?

நாஞ்சிலான்:
பாசம் என்றால் என்ன அர்த்தம்? 1956இல் கேரளாவா தமிழ்நாடா, எந்தப் பக்கம் வருவது என்று நாங்கள் போராடித்தான் வந்தோம், உங்களிடம் சான்றிதழ் கேட்கவில்லை. ஆள் எடுக்கத் தெரியாத உங்களுக்கு எல்லைப் போராட்டம் எங்கே தெரியப் போகிறது.

மூன்றாம்ஷிப்ட்:
நாஞ்சில் அண்ணாச்சி, அவர் விரித்த வலையில் விழாதீர்கள், சம்பளம் என்றாலே இப்படி எல்லைப் பிரச்சினைக்குப் போய்விடுவார். நான் கேட்பது எளிது. 2016இல் உச்ச நீதிமன்றம் சொல்லி தனியார் மருத்துவமனை நர்ஸ் சம்பளத்துக்கு மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. அது சொன்னது இதுதான்: ஐம்பது படுக்கைக்குக் குறைவான மருத்துவமனையில்கூட மாதம் 20,000க்குக் குறையக் கூடாது, இருநூறுக்கு மேல் போனால் அரசு நர்ஸுக்கு இணையான சம்பளம், நூறிலிருந்து இருநூறு வரை என்றால் அதிலிருந்து அதிகபட்சம் 10 சதவீதம் குறையலாம். வேல் அவர்கள் தன் வாயால் 120 படுக்கை என்று சொல்லியிருக்கிறார். எனவே அவர் கொடுக்க வேண்டியது அரசுச் சம்பளத்தில் 90 சதவீதம். கொடுக்கிறாரா?

கொங்குவேல்:
அது பரிந்துரை மேடம், சட்டம் இல்லை. இருந்தாலும் உங்கள் கணக்கிலேயே வருகிறேன். அரசு உங்களுக்குக் கொடுப்பது 18,000 என்று நீங்களே முதல் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். அதில் 10 சதவீதம் கழித்தால் 16,200. நான் அதற்குக் குறைவாக யாருக்கும் கொடுத்ததில்லை. முடிந்ததா?

மூன்றாம்ஷிப்ட்:
அரசு நர்ஸ் என்று குழு சொன்னது நிரந்தர நர்ஸை. நாங்கள் வாங்குவது அதில் பாதியைக்கூடத் தொடாது. அரசு எங்களை ஏமாற்றியதை எடுத்து நீங்கள் அளவுகோலாக்கிக் கொள்கிறீர்கள். என்ன கெட்டிக்காரத்தனம்! ஆக 16,200க்கு இரவு பகல் பார்த்து, பேஷன்ட் உறவினரிடம் அடியும் வாங்கி, டாக்டர் எழுதிய தப்பு டோஸுக்கு மெமோவும் வாங்கிக்கொண்டு நிற்க ஆள் வரவில்லை, அது மனசில்லாத குறை. 2019 வாக்கில் இந்தக் களத்தில் "நர்சிங் என்பது சேவை, அதற்கு விலை பேசக் கூடாது" என்று எழுதியவரும் நீங்கள்தான், நான் மறக்கவில்லை.

கொங்குவேல்:
இப்போதும் சொல்கிறேன், சேவைதான். பழைய பதிவைத் தோண்ட நேரம் இருக்கிறது, மூன்று லட்சத்துக்கு மட்டும் பதில் இல்லை.

ஓரகடத்தான்:
என் தங்கை டிஜிஎன்எம், அதாவது நர்சிங் டிப்ளமோ முடித்தவள். ஒரு வருடம் கிளினிக்கில் இருந்தாள், இப்போது ஸ்ரீபெரும்புதூரில் போன் கம்பெனி லைனில் நிற்கிறாள். பஸ் வருகிறது, சாப்பாடு இருக்கிறது, ஷிப்ட் முடிந்தால் முடிந்தது, யாரும் சாகமாட்டார்கள். பக்கத்தில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்குகிற மாதிரி விடுதியே கட்டி 2024இல் திறந்தார்கள். இந்தியாவில் தொழிற்சாலை வேலையில் இருக்கும் பெண்களில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் தமிழ்நாட்டில்தான். மருத்துவமனை இப்போது மருத்துவமனையோடு மட்டும் போட்டி போடவில்லை, இதைத்தான் நேற்று அந்த இழையிலும் சொன்னேன், யாரும் கண்டுகொள்ளவில்லை.

கொங்குவேல்:
நன்றி தம்பி. மூன்று லட்சத்தில் ஒருத்தி செல்போன் செய்கிறாள். வேலை இருக்கிறது, வர மனசில்லை. நான் எழுதிய வரியை அப்படியே நிரூபித்துவிட்டீர்கள்.

ஓரகடத்தான்:
நான் சொன்னது அதற்கு நேர் எதிர்.

பொதுஜனம்63:
நீங்கள் சம்பளம் பேசுகிறீர்கள், எங்கள் கஷ்டம் யாருக்கும் தெரியவில்லை. அம்மாவுக்கு எண்பத்தொன்று வயது, படுக்கையில் இருக்கிறார், வீட்டோடு தங்கிப் பார்க்க ஒரு நர்ஸ் கிடைக்கவில்லை. ஏஜென்சிக்காரன் இருபத்தைந்தாயிரம் வாங்குகிறான், மாதத்துக்கு ஒரு புது ஆள். 2011இல் இந்த மாநிலத்தில் அறுபது தாண்டியவர்கள் நூற்றுக்குப் பத்து பேர், 2031இல் பதினெட்டைத் தாண்டும் என்று மத்திய அரசு அறிக்கையே சொல்கிறது. பிள்ளைகள் எல்லாம் வெளியூரில். யார் பார்க்கப் போகிறார்கள்?

மூன்றாம்ஷிப்ட்:
ஐயா, உங்கள் வீட்டுக்கு வருபவர் நர்ஸ் இல்லை. மூன்று மாதப் பயிற்சியோ, அதுவும் இல்லாமலோ ஒரு வெள்ளைக் கோட்டைப் போட்டு அனுப்புகிறார்கள். அவர்களை நர்ஸ் என்று சொல்லிச் சொல்லித்தான் எங்கள் மதிப்பு இந்த நிலைக்கு வந்தது.

பொதுஜனம்63:
மலம் துடைத்துவிடுகிற பெண்ணுக்கு மதிப்பு இல்லையாம், ஊசி போட்டால்தான் மதிப்பாம். நல்ல நியாயம் அம்மா.

மூன்றாம்ஷிப்ட்:
அவர்களுக்கு மதிப்பு இல்லை என்று எங்கே எழுதினேன்? நானும் துடைத்திருக்கிறேன், தினமும்.

பிஎஸ்சிநர்ஸ்_மதுரை:
இந்தக் குழப்பத்துக்கே காரணம் டிஜிஎன்எம், ஏஎன்எம் எனும் துணை நர்ஸ் படிப்பு, ஆறு மாத கோர்ஸ் என்று ஆளாளுக்கு ஒரு பட்டயம். பிஎஸ்சி மட்டும் என்று வைத்தால் மூன்று லட்சம் எவ்வளவு ஆகும் என்று பார்க்கலாம்.

மூன்றாம்ஷிப்ட்:
நான் டிஜிஎன்எம். உங்கள் பிஎஸ்சி பிள்ளைகளுக்கு வீனிப்பஞ்சர் (நரம்பில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பது) சொல்லிக்கொடுப்பதே என் வார்டில் நான்தான். மேலே பேசுங்கள்.

பிஎஸ்சிநர்ஸ்_மதுரை:
சொல்லிக்கொடுப்பது உங்கள் பெருந்தன்மை. படிப்பு படிப்புதான்.

நெறியாளர்:
தனிப்பட்ட தாக்குதல், மாவட்டப் பெருமை, பட்டயச் சண்டை மூன்றையும் நிறுத்தவும். இழைத் தலைப்பு நர்ஸ் எண்ணிக்கை.

நாஞ்சிலான்:
என் மாவட்டத்தை இழுத்தவரை விட்டுவிட்டு என்னை எச்சரிக்கும் நெறியாளருக்கு நன்றி.

புள்ளிவிவரப்புலி:
தலைப்பு எண்ணிக்கை என்றால், மேலே நான் சொன்ன நேரடிப் பதிவேட்டை யாராவது

மூன்றாம்ஷிப்ட்:
நைட்டுக்குக் கிளம்புகிறேன். வேல் அவர்களே, நீங்கள் கொடுக்கும் சம்பளம், ஷிப்டுக்கு எத்தனை நர்ஸ், எத்தனை நோயாளி, மூன்றையும் எழுதி வையுங்கள், காலையில் வந்து பார்க்கிறேன். எழுத மாட்டீர்கள் என்று தெரியும். எழுதாவிட்டால் அதையும் இங்கேயே எழுதுவேன், இன்னும் பத்துப் பதிவு போட எனக்குத் தெம்பு இருக்கிறது.

கொங்குவேல்:
போய் வாருங்கள் மேடம். என் மருத்துவமனைக் கணக்கை ஊருக்குக் காட்ட எனக்கு அவசியம் இல்லை. மூன்று லட்சம் என்பது தவறு என்று ஒரே ஒரு அரசு ஆவணம் காட்டுங்கள், அப்புறம் பேசலாம். சித்தி கதை எல்லாம் ஆவணம் ஆகாது.

ரியாத்செவிலி:
இறப்புச் சான்றிதழ் இருக்கிறது சார், ஸ்கேன் செய்து போடட்டுமா?

கொங்குவேல்:
ஒன்று போனால் இரண்டு லட்சத்துத் தொண்ணூற்றொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது. போதுமா?

புதுவரவு_ஈரோடு:
மன்னிக்கவும், முழு இழையும் படிக்கவில்லை. ஓஇடிக்கு கோயம்புத்தூரில் எந்த வகுப்பு நல்லது? மாலை நேரம் இருந்தால் சொல்லுங்கள், பகலில் டியூட்டி.