தரவுத்தளத்தைப் பழுதுபார்க்கும் முன் நகல் எடுத்தீர்களா? உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் உறுப்பினர் கணக்குகளை மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் பராமரித்துவந்த காலத்தில் எனக்கு நேர்ந்ததை எழுதுகிறேன். ஒரு நாள் மாலை மின்சாரம் போய், யுபிஎஸ்ஸும் கைவிட்டு, சர்வர் நின்றுவிட்டது. மறுபடி இயக்கியபோது, வரவு டேபிள் சிதைந்திருப்பதாகவும் அதைச் சரிசெய்ய வேண்டும் என்றும் அறிவிப்பு வந்தது. காலையில் கவுன்ட்டரைத் திறந்தாக வேண்டும் என்ற அவசரத்தில், நகல் எதுவும் எடுக்காமல் 'ரிப்பேர் டேபிள்' கட்டளையைக் கொடுத்துவிட்டேன். சில நிமிடங்களில் வேலை முடிந்தது. ஆனால் பதிவுகளின் எண்ணிக்கை 41,260-இலிருந்து 38,914 ஆக மாறியதாக ஓர் எச்சரிக்கை வரியும் உடன் வந்தது.

அந்த டேபிள் மைஎஸ்கியூஎல்லின் சேமிப்பு வகைகளில் ஒன்றான மைஐசாம் வகை. அதில் தரவு ஒரு கோப்பிலும், பதிவுகளைத் தேடிப் பிடிக்க உதவும் இன்டெக்ஸ் வேறொரு கோப்பிலும் இருக்கும். ரிப்பேர் கட்டளை, தன்னால் படிக்க முடிந்த வரிசைகளைக் கொண்டு தரவுக் கோப்பைப் புதிதாக எழுதி, பழையதன் இடத்தில் வைத்துவிடுகிறது. பழைய கோப்பு கையில் இருந்திருந்தால், நேரம் பிடித்தாலும் வேறு மீட்பு முறைகளை அதன்மேல் முயன்றிருக்கலாம். ரிப்பேர் நடக்கும்போதே சர்வர் நின்றுபோனால், வேறெதையும் தொடாமல் உடனே மீண்டும் ரிப்பேர் செய்ய வேண்டும், இல்லையேல் அடுத்த செயல் தரவுக் கோப்பின் மீதே எழுதிவிடக்கூடும் என்று மைஎஸ்கியூஎல் ஆவணமே எச்சரிப்பதைப் பின்னால்தான் படித்தேன். அன்றிரவு மின்சாரம் இன்னொரு முறை போயிருந்தால் என்று நினைக்கவே நடுக்கமாக இருந்தது.

விடுபட்ட 2,346 வரவுகளையும் ரசீதுப் புத்தகங்களின் அடிக்கட்டைகளைப் பார்த்து 3 பேர் 12 நாள் உட்கார்ந்து ஏற்றினோம். அடிக்கட்டை கிழிந்துபோன இடங்களில் உறுப்பினர்களின் வீட்டுக்கே சென்று பாஸ்புத்தகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. "என் பணம் இருக்குதா, தம்பி?" என்று ஒரு பெரியவர் கேட்ட குரல் இன்னும் காதில் இருக்கிறது.

மன்றத்தின் இரண்டாம் உறுப்பினர்:
ஐயா, எனக்கு நேர்ந்தது மைஎஸ்கியூஎல்லின் இன்னொரு சேமிப்பு வகையான இன்னோடிபியில். சர்வர் எழவே மறுத்தபோது, முதலில் தரவுக் கோப்புகள் இருக்கும் டேட்டா டைரக்டரி முழுவதையும் வேறொரு வட்டுக்கு நகலெடுத்தோம். அதன் பிறகு சக ஊழியர் ஒருவர், சிதைவு இருந்தாலும் சர்வரைக் கட்டாயமாக எழுப்பப் பார்க்கும் 'கட்டாய மீட்பு' அமைப்பின் அளவை (1 முதல் 6 வரை) எடுத்த எடுப்பிலேயே 6 என்று வைத்துவிட்டார். 4-ம் அதற்கு மேற்பட்ட அளவுகளும் தரவுக் கோப்புகளை நிரந்தரமாகவே கெடுக்கக்கூடியவை. எங்களுக்கும் டேபிள்கள் முன்னிலும் மோசமாயின. நகலிலிருந்து மறுபடி தொடங்கி, 1-இலிருந்து படிப்படியாக ஏற்றியபோது, 3-லேயே சர்வர் எழுந்தது. அப்போதே டம்ப் (தரவு முழுவதையும் வெளியே எழுதிய கோப்பு) எடுத்துப் புதிய சர்வரில் ஏற்றிவிட்டோம்.

மன்றத்தின் மூன்றாம் உறுப்பினர்:
நான் நகல் எடுத்தும் இழந்தவன். தனி சர்வர் இல்லாமல் கோப்பாகவே இயங்கும் எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் முதன்மைக் கோப்பை மட்டும் நகலெடுத்தேன். நான் வைத்திருந்த டபிள்யூஏஎல் முறையில், புதிதாக எழுதப்பட்டவை முதன்மைக் கோப்பில் சேரும் வரை பக்கத்திலுள்ள டபிள்யூஏஎல் என்ற தனிக் கோப்பில் இருக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. பழுதுபார்ப்பு தவறிப்போய் நகலுக்குத் திரும்பியபோது, அன்றைய பதிவுகள் ஒன்றும் அதில் இல்லை. இப்போது செயலியை நிறுத்தி, கோப்புகள் அனைத்தையும் சேர்த்தே நகலெடுத்து, அதை வேறொரு கணினியில் திறந்து, கடைசிப் பதிவின் தேதியைச் சரிபார்த்த பிறகே மூலத்தில் கை வைக்கிறேன்.