செங்கோட்டை – புனலூர்: நடுவில் இருக்கிற 49 கிலோமீட்டருக்கு மனுவில் என்ன கேட்கலாம்?

முந்திரிக்கணக்கு:

வாரத்துல ரெண்டு நாள் செங்கோட்டையிலிருந்து கேரளாவுல இருக்கிற குண்டறை போய், ஒரு முந்திரிக் கம்பெனியில் கணக்கு எழுதிட்டு வரேன். போறதுக்குக் குறை இல்லை. சென்னையிலிருந்து வர்ற கொல்லம் எக்ஸ்பிரஸ் விடியற நேரத்துக்கு செங்கோட்டை வந்துடும். மலைக்காகப் பின்னால இன்னொரு எஞ்சின் மாட்டுவாங்க. மாட்டும்போது ஒரு இடி இடிக்கும். கையில டீயைச் சிந்திக்கிறவன் அந்தப் பாதைக்குப் புதுசுன்னு அப்பவே தெரிஞ்சுடும்.

திரும்புறதுதான் பெரும்பாடு. வேலை முடிய ஆறு மணி ஆகும். அதுக்கப்புறம் மலை ஏற பாலருவி எக்ஸ்பிரஸை விட்டா வேற வண்டி இல்லை. அது செங்கோட்டையில இறக்கிவிடும்போது நடுராத்திரி. பஸ்ல வரலாம்தான், ஆரியங்காவு வளைவுகள்ல என் வயிறு தாங்காது.

இத்தனைக்கும் வண்டிகளுக்குப் பஞ்சமில்லை. நெல்லையிலிருந்தும் மதுரையிலிருந்தும் பாசஞ்சர்கள் வந்து செங்கோட்டையோட நின்னுடுது. அந்தப் பக்கம் கொல்லத்திலிருந்து வர்றது புனலூரோட நின்னுடுது. நடுவில் 49 கிலோமீட்டர். அதைத் தினமும் தாண்டுறது கொல்லம் எக்ஸ்பிரஸ், பாலருவி, மதுரை–குருவாயூர், அவ்வளவுதான். வேளாங்கண்ணி வண்டி வாரத்துக்கு ரெண்டு நாள். 2010-ல மீட்டர் கேஜை மூடி, 2018-ல அகலப்பாதையா திறந்தாங்க. பழைய பாசஞ்சர்களும் கூடவே வந்துடும்னு நம்பினவங்கள்ல நானும் ஒருத்தன்.

இப்போ சக பயணிகள் சேர்ந்து மனு போடுறோம். நெல்லை–கொல்லம் புது பகல் வண்டி ஒண்ணு, மெமு (குறைஞ்ச தூரத்துக்கு ஓடுற மின்சார வண்டி) ஒண்ணு, வந்தே பாரத் ஒண்ணுன்னு எழுதி வச்சிருக்கோம். விவரம் தெரிஞ்சவங்க பார்த்துச் சொல்லுங்க.

பச்சைக்கொடி:

தம்பி, முப்பது வருஷம் ஸ்டேஷன் மாஸ்டரா இருந்தவன் சொல்றேன், வந்தே பாரத்தை முதல்ல அடிச்சுடு. அந்த மலையில வளைவுக்கு வளைவு வேகக் கட்டுப்பாடு. எந்த வண்டி விட்டாலும் புனலூர் போக ரெண்டு மணி நேரம் வச்சுக்கோ. பளபளன்னு ஒரு வண்டி அங்க உருண்டு என்ன ஆகப்போகுது?

"புது வண்டி"ங்கிற வார்த்தையும் வேண்டாம். அப்படி எழுதின மனுவுக்கு எல்லாம் ஒரே பதில்தான் வரும்: இயக்கச் சாத்தியமில்லை. புது வண்டின்னா புது ரேக், அதாவது பெட்டி வரிசை, வேணும், அதைப் பராமரிக்க பிட் லைன், அதாவது அடியில குழி வெட்டின தண்டவாளம், வேணும், ஓட்ட ஆள் வேணும், உங்க பாதையில தள்ளுறதுக்கு இன்னொரு எஞ்சினும் வேணும். ஒத்தைத் தண்டவாளம் வேற, எதிர்வண்டிக்கு வழிவிட ஸ்டேஷன்ல காத்துக் கிடக்கணும். ஏற்கெனவே ஓடுற வண்டியை நீட்டச் சொல்லிக் கேளு. எந்த ரேக் எங்க சும்மா படுத்திருக்குன்னு கண்டுபிடிச்சுட்டா பாதி மனு எழுதின மாதிரி.

குழித்துறைக் கடைசிப்பெட்டி:

அண்ணாச்சி சொல்ற மாதிரி ஒரு வண்டி இருக்கே! எங்க ஊர் வழியா போற கன்னியாகுமரி–புனலூர் பாசஞ்சர். மத்தியானத்துக்கு மேல கிளம்பி, சாயங்காலம் கொல்லம், குண்டறை தாண்டி, ராத்திரி புனலூர் சேரும். காலையில புனலூர்லேர்ந்து திரும்ப வண்டி கிளம்பும். அதை செங்கோட்டை வரை நீட்டினா உங்க சாயங்கால வண்டி அதுவே.

வேடிக்கை என்னன்னா, தமிழ்நாட்டுல கிளம்பி, கேரளாவுக்குள்ள போய், மறுபடி தமிழ்நாட்டுல வந்து நிக்கும். 1956 நவம்பர் 1 வரைக்கும் உங்க செங்கோட்டையும் எங்க குமரியும் ஒரே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம்தானே, அதனால தப்பில்லை.

ஆனா ஒண்ணு. தடை மாநில எல்லையில இல்லை, ரயில்வே கோட்ட எல்லையில. குமரி மாவட்டத்துத் தண்டவாளம் திருவனந்தபுரம் கோட்டம். கேரளாவுல இருக்கிற புனலூர் மதுரைக் கோட்டம். ஒரு கோட்டத்துக்கு மட்டும் மனு போட்டா, "அது அவங்க கையில இருக்கு"ன்னு முடிச்சுடுவாங்க. ரெண்டுக்கும் ஒரே தேதியில அனுப்புங்க.

ஓசூர் ஸ்டாண்டிங்:

உங்களுக்கு கோட்டம் ரெண்டானாலும் அதுக்கு மேல இருக்கிற மண்டலமாவது ஒண்ணு, தெற்கு ரயில்வே. ஓசூர் 2003-லேர்ந்து தென்மேற்கு ரயில்வே. தமிழ்நாட்டுல உட்கார்ந்துக்கிட்டு, அதோட தலைமையகம் இருக்கிற கர்நாடகாவின் ஹுப்பள்ளிக்கு மனு எழுதுறோம். சேலம் பக்கம் வண்டி கேட்டா ரெண்டு மண்டலமும் ஒத்துக்கணும். மாநில அரசு தலையிடட்டும்னு ஒவ்வொரு கூட்டத்துலயும் ஒருத்தர் எழுந்து கேட்பார். ரயில்வே மத்தியப் பட்டியல். மாநிலம் கடிதம் எழுதலாம், வண்டி விட முடியாது.

பச்சைக்கொடி:

குழித்துறைத் தம்பி சொன்னது நல்ல யோசனை. ஆனா அந்த ரேக் ராத்திரி புனலூர்லயே தங்குதா, இல்லை வேற நம்பர்ல கொல்லம் போய்டுதான்னு விசாரிச்சுட்டு எழுது. தங்கினாத்தான் உன் வாதம் நிக்கும். தங்குதுன்னே வை: காலையில புனலூர் நேரத்தைக் கெடுக்காம இருக்கணும்னா செங்கோட்டையை நாலு மணி வாக்கில விடணும். ராத்திரி பத்துக்கு மேல வந்து நாலுக்குக் கிளம்பினா, நடுவில தண்ணி பிடிக்க, கூட்டிப் பெருக்க நேரம் இருக்கு. செங்கோட்டையில நிறுத்த லைன் காலியான்னும் கேளு. பாலருவிக்கு எங்க வழிவிடும்னு அவங்க பார்த்துப்பாங்க, நீ அதுல மூக்கை நுழைக்காதே.

கையெழுத்து செங்கோட்டையில மட்டும் வாங்காதே. புனலூர், தென்மலை ஆளுங்ககிட்டயும் வாங்கு. கொல்லம் எம்.பி.யும் தென்காசி எம்.பி.யும் ரயில்வே பொது மேலாளர் கூட்டத்துல ஒரே கோரிக்கையைச் சொன்னா அதோட எடையே வேற. ஜனவரியில அட்டவணை வரப்போகுதுன்னா டிசம்பர்ல மனு கொடுத்துப் பிரயோஜனம் இல்லை, அதுக்கு எவ்வளவோ முன்னாலயே எல்லாம் முடிவாகியிருக்கும்.

டிக்கெட்டையும் ஒரு வரி சேர்த்துக்கோ. பாசஞ்சர்ல குறைஞ்ச கட்டணம் 10 ரூபாய், எக்ஸ்பிரஸ்ல 30. ஆரியங்காவுலேர்ந்து தென்மலை போறவனுக்கு அதுதான் கணக்கு.

முந்திரிக்கணக்கு:

அண்ணாச்சி, மூணு கோரிக்கையையும் அடிச்சாச்சு. இப்போ ஒரே வரி: கன்னியாகுமரி–புனலூர் பாசஞ்சரை செங்கோட்டை வரை நீட்டணும். பிரதி ரெண்டு. வந்தே பாரத்தை எடுத்ததுல எங்க குழுவுல ஒருத்தர் கோவிச்சுக்கிட்டு கையெழுத்துப் போடாம போயிட்டார்.

வியாழக்கிழமை குண்டறையிலேர்ந்து அதே பாசஞ்சர்ல ஏறி புனலூர் போறேன். எல்லாரும் இறங்கினப்புறமும் உட்கார்ந்திருந்து, விளக்கை அணைக்க யாராவது வர்றாங்களா, இல்லை வண்டி என்னையும் சேர்த்து கொல்லத்துக்கே திருப்பிக் கொண்டுபோகுதான்னு பார்த்துட்டு வந்து எழுதுறேன்.