ஷேர்டு ஹோஸ்டிங்கில் பிஎச்பி பதிப்பை மாற்றியவர்களே, உங்களுக்கு என்ன ஆனது?

இணையதளத்தை இயக்கும் நிரல்மொழியான பிஎச்பியின் 7.4 பதிப்பை சர்வரிலிருந்து எடுக்கப் போகிறோம், அதற்குள் 8-க்கு மாறிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நாங்களே மாற்றிவிடுவோம் என்று ஹோஸ்டிங்காரர்களிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. 7.4-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது 2022 நவம்பரோடு நின்றுவிட்டது, ஆகவே கேட்பதில் நியாயம் இருக்கிறது. என்னிடம் இருப்பது ஒரு வேர்ட்பிரஸ் தளம், அதே கணக்கில் தனியாக ஓடும் ஒரு பழைய பதிவுப் படிவம். படிவத்தை எழுதியவர் இப்போது தொடர்பில் இல்லை.

ஓடுகிற தளத்தைத் தொடாமல், சீபேனலில் (ஹோஸ்டிங் கணக்கை நிர்வகிக்கும் பேனல்) ஒரு சப்டொமைன் போட்டு, கோப்புகளையும் டேட்டாபேஸையும் அங்கே நகலெடுத்தேன். அதில் மல்டிபிஎச்பி மேனேஜர் என்ற பகுதி இருந்தால் டொமைன்வாரியாகப் பதிப்பைத் தேர்ந்தெடுக்கலாம். அசல் 7.4-லும் நகல் 8.2-லும் ஒரே கணக்கில் பக்கத்தில் பக்கத்தில் ஓடின. சில ஹோஸ்டிங்குகளில் கணக்கு முழுவதற்கும் ஒரே பதிப்புதான் கிடைக்கும். அங்கே இந்த வசதி இல்லை, சொந்தக் கணினியில்தான் சோதித்துப் பார்க்க வேண்டும்.

நகலைத் திறந்தால் 'தளத்தில் கடுமையான பிழை' என்று ஒரே ஒரு வரி. வேர்ட்பிரஸ் 5.2-லிருந்து ஒரு நல்ல ஏற்பாடு உண்டு: இப்படி விழுந்தால், எந்த பிளகினால் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்) விழுந்தது என்று நிர்வாகியின் மின்னஞ்சலுக்கு எழுதும், உள்ளே நுழைய ரெகவரி மோட் இணைப்பும் தரும். குற்றவாளி ஒரு ஸ்லைடர் பிளகின். சரத்தின் (எழுத்துத் தொடரின்) முதல் எழுத்தை எடுக்க சதுர அடைப்புக்குறிக்குப் பதிலாகச் சுருள் அடைப்புக்குறி போட்டிருந்தார்கள். 7.4 அதற்கு முணுமுணுக்க மட்டும் செய்தது, 8.0 அந்தக் கோப்பைப் படிக்கவே மறுத்துவிடுகிறது. பிளகினின் புதிய பதிப்பைப் போட்டதும் சரியாகிவிட்டது. இந்த மாதிரி விழுகிற பிழைகளுக்கு நான் பயப்படுவதில்லை. விழுந்த இடம் கண்ணுக்குத் தெரியும், எரர் லாகில் (பிழைப் பதிவுக் கோப்பில்) வரி எண்ணோடு இருக்கும்.

பதிவுப் படிவம்தான் ஆட்டிவைத்தது, ஏனென்றால் அது விழவே இல்லை. 'எத்தனை பேர்' என்ற பெட்டியைக் காலியாக விட்டு அனுப்பினால் 'எண்ணிக்கையை நிரப்புக' என்று தடுக்க வேண்டும். 8.2-ல் நன்றி சொல்லி ஏற்றுக்கொண்டது! எரர் லாகில் ஒரு வரி கூட இல்லை. நிரலைத் திறந்து பார்த்தால், பெட்டியில் வந்த மதிப்பை இரட்டைச் சமக்குறி போட்டு பூஜ்யத்தோடு ஒப்பிட்டிருந்தார்கள். 7.4 வரை வெற்றுச் சரமும் பூஜ்யமும் அந்த ஒப்பீட்டில் சமம். 8.0-ல் விதியை மாற்றிவிட்டார்கள்: எண்ணாகப் படிக்க முடியாத சரம் என்றால், பூஜ்யத்தைச் சரமாக்கி ஒப்பிடும். ஆகவே சமம் இல்லை, தடை இல்லை, காலி மதிப்பு நேராக டேட்டாபேஸுக்கு. மொழியை வடிவமைத்தவர்கள் செய்தது சரியான மாற்றம் என்றே நினைக்கிறேன், பழைய விதிதான் விசித்திரமானது. ஆனால் அந்த விசித்திரத்தை நம்பி எழுதிய நிரல் உலகத்தில் எவ்வளவு இருக்கும்!

அதனால், முகப்புப் பக்கம் வந்துவிட்டது என்று நிம்மதியாக உட்காராதீர்கள். ஒவ்வொரு படிவத்தையும் காலியாக, தப்பாக, வேண்டுமென்றே கோணலாக நிரப்பி அனுப்பிப் பாருங்கள். உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

* * *

எனக்கு வந்த சிக்கல் தளத்தில் இல்லை, கிரானில் (குறித்த நேரத்தில் ஸ்கிரிப்டைத் தானாக ஓட்டும் ஏற்பாடு). நான் பொறுப்பேற்ற தளத்தில் இரவில் அறிக்கை தயாரிக்கும் ஒரு ஸ்கிரிப்ட் உண்டு. பேனலில் 8.1-க்கு மாற்றி, அதற்கேற்ப கம்போசர் (வெளி நிரல் தொகுப்புகளைக் கொண்டுவரும் கருவி) தொகுப்புகளையும் புதுப்பித்தோம். தளம் ஜோராக ஓடியது, அறிக்கை மட்டும் வரவில்லை.

பேனலில் மாற்றுவது வெப் சர்வர் எந்த பிஎச்பியை அழைக்க வேண்டும் என்பதை. கிரான் வரியில் வெறுமனே 'பிஎச்பி' என்று எழுதியிருந்தால் சர்வரின் பொதுவான பதிப்பு ஓடும். எங்கள் சர்வரில் அது 7.4.33. கம்போசர் 2 தொடக்கத்திலேயே பதிப்பைச் சோதித்து, 8.1 வேண்டும், நீ 7.4.33-ல் ஓடுகிறாய் என்று சொல்லி நிறுத்தியிருக்கிறது. அந்தச் செய்தி தினமும் கணக்கின் இயல்பு அஞ்சல்பெட்டிக்குப் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. அந்தப் பெட்டியை யார் திறக்கிறார்கள்? கிரான் வரியில் பதிப்பு எண்ணோடு கூடிய முழுப் பாதையைக் கொடுத்ததும் தீர்ந்தது. அந்தப் பாதை ஹோஸ்டிங்குக்கு ஹோஸ்டிங் மாறும், உதவிப் பிரிவில் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

* * *

நீங்கள் எல்லாம் 7.4-லிருந்து போகிறீர்கள். நான் 5.6-லிருந்து போனேன்.

பழைய கட்டுரைத் தளம், எல்லாம் தமிழ். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸோடு பேசப் பயன்பட்ட பழைய கட்டளைகள் 7.0-ல் அடியோடு நீக்கப்பட்டுவிட்டன, அதனால் எல்லாவற்றையும் மைஎஸ்க்யூஎல்ஐ என்ற புதிய கட்டளைத் தொகுப்புக்கு மாற்றி எழுத வேண்டியிருந்தது. அது சலிப்பான வேலை, கஷ்டமான வேலை இல்லை. முடித்துத் திறந்தால் தமிழ் இருந்த இடமெல்லாம் கொம்பும் கோடும் முளைத்த லத்தீன் எழுத்துகள்.

தரவு கெட்டுவிட்டதோ என்று முதலில் பயம்தான். கெடவில்லை. பழைய இணைப்பு லத்தீன்1 என்ற குறியேற்றத்தில் (எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் முறையில்) பேசியது. தமிழின் யூடிஎஃப்-8 பைட்டுகளை அது லத்தீன் எழுத்துகள் என்று நம்பி உள்ளே வைத்தது, திருப்பிக் கேட்டபோது அதே பைட்டுகளைக் கொடுத்தது. இரண்டு பக்கமும் ஒரே பொய் என்பதால் பல ஆண்டுகள் யாருக்கும் தெரியவில்லை. புதிய இணைப்பு யூடிஎஃப்8எம்பி4-ல் (மைஎஸ்க்யூஎல்லில் முழு யூடிஎஃப்-8-ன் பெயர்) பேசியதும், டேட்டாபேஸ் 'இது லத்தீன்தானே' என்று மாற்றிக் கொடுத்துவிட்டது.

இணைப்பை மறுபடி லத்தீன்1 என்று அமைத்தால் உடனே தமிழ் தெரியும். அவசரத்துக்கு அப்படி ஓட்டினேன். நிரந்தரத் தீர்வாக, டேட்டாபேஸை லத்தீன்1 இணைப்பிலேயே டம்ப் (முழுத் தரவின் நகல் கோப்பு) எடுத்து, கோப்பில் அட்டவணைகளின் குறியேற்றத்தை யூடிஎஃப்8எம்பி4 என்று திருத்தி, யூடிஎஃப்8எம்பி4 இணைப்பில் புது டேட்டாபேஸுக்குள் ஏற்றினேன். ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள்: இணைப்பு புதிய குறியேற்றத்தில் இருக்கும்போது பழைய அட்டவணையில் யாரையும் புதிதாக எழுத விடாதீர்கள். பாதி வரிசைகள் ஒரு விதம், பாதி இன்னொரு விதம் ஆகிவிட்டால் பிரிப்பது நரகம்.

* * *

தமிழ்த் தளம் என்றதும் ஞாபகம் வந்தது. பல பைட் எழுத்துகளைக் கையாளும் பிஎச்பியின் துணைத் தொகுதியான எம்பிஸ்ட்ரிங் எக்ஸ்டென்ஷனைப் பார்த்தீர்களா? ஒரு தமிழ் எழுத்துக்குறி யூடிஎஃப்-8-ல் மூன்று பைட், சாதாரணக் கட்டளையால் வெட்டினால் நடுவில் உடைந்து கேள்விக்குறி வரும். அதனால் தமிழ்த் தளங்களின் நிரலில் எம்பிஸ்ட்ரிங் கட்டளைகள் நிறைய இருக்கும். எங்கள் பேனலில் எக்ஸ்டென்ஷன்களுக்கான டிக் ஒவ்வொரு பதிப்புக்கும் தனி. 7.4-ல் போட்டிருந்த டிக் 8.2-க்கு வரவில்லை, 'அப்படி ஒரு ஃபங்ஷனே இல்லை' என்று பக்கம் நின்றது. மாற்றுவதற்கு முன்பே பழைய பதிப்பின் எக்ஸ்டென்ஷன் பட்டியலை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

* * *

கேள்வி ஒன்று. பேனலில் 8.2 என்று காட்டுகிறது, ஆனால் ஒரு துணை ஃபோல்டரில் பிஎச்பிஇன்ஃபோ (ஓடும் பதிப்பையும் அமைப்புகளையும் காட்டும் கட்டளை) போட்டுப் பார்த்தால் 7.4 என்கிறது. கேஷ் எல்லாம் அழித்தாயிற்று.

* * *

கேஷ் இல்லை. அந்த ஃபோல்டருக்குள் ஒரு எச்டிஆக்சஸ் கோப்பு (அந்த ஃபோல்டருக்கான வெப் சர்வர் அமைப்புகள்) இருக்கும், மறைந்த கோப்புகளையும் காட்டச் சொல்லிப் பாருங்கள். சீபேனல் பதிப்பை மாற்றும்போது அந்தக் கோப்பில்தான் எந்த பிஎச்பி ஓட வேண்டும் என்பதை 'இந்த ஹேண்ட்லர்' என்று ஒரு பத்தி எழுதுகிறது. பழைய பேக்கப்பிலிருந்து ஃபோல்டரை மீட்டிருந்தால் பழைய பத்தியும் கூடவே வந்து, மேலே உள்ளதைத் தாண்டி அந்த ஃபோல்டருக்கு மட்டும் செல்லுபடியாகும். அந்தப் பத்தியை நீக்கினால் போதும்.

அதே கோப்பில் 'பிஎச்பி_வேல்யூ' என்று தொடங்கும் வரிகள் இருந்தால் அவற்றையும் கவனியுங்கள், பிஎச்பியைத் தனிச் சேவையாக ஓட்டும் பிஎச்பி-எஃப்பிஎம்மில் ஓடும்போது 500 பிழை வரக் காரணமாகும். அவற்றை யூசர் ஐஎன்ஐ என்ற பிஎச்பி அமைப்புக் கோப்புக்கு நகர்த்துங்கள். அந்தக் கோப்பை பிஎச்பி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் மறுபடி படிக்கும், மாறவில்லையே என்று அவசரப்பட வேண்டாம். அப்புறம் அந்தப் பிஎச்பிஇன்ஃபோ கோப்பை வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள், சர்வரின் எல்லா விவரமும் அதில் திறந்து கிடக்கிறது.