திருவிழாவில் கடை போட்டவர்கள் சொல்லுங்கள்: பர்மிட், பாலிசி, சிலிண்டர்

மந்தைவெளி பணியாரம்

பொங்கலை ஒட்டி நகரத்தில் நடக்கிற விழாக்களில் நானும் என் ஓரகத்தியும் பணியாரக் கடை போடுவோம். இந்த முறை ஒரு சங்கம் நடத்திய தெரு விழாவில் இடம் எடுத்திருந்தோம். உள்ளே விடுவதற்கு முன்பே மூன்று விஷயம் கேட்டார்கள்: உணவுப் பாதுகாப்புப் பதிவு எண், கமர்ஷியல் சிலிண்டருக்கான ரசீது, ஒரு தீயணைப்பான். பதிவு எங்களிடம் ஏற்கெனவே இருந்தது. நாங்கள் எடுத்த காலத்தில் ஆண்டு விற்றுமுதல் 12 லட்சத்துக்குள் இருந்தால் லைசென்ஸ் வேண்டாம், பதிவு போதும். அப்போது கட்டணம் வருடத்துக்கு 100 ரூபாய். அந்த 14 இலக்க எண்ணை லேமினேட் போட்டு முன்பக்கம் கட்டிவிட்டோம்.

பக்கத்து ஸ்டாலில் பஜ்ஜி போட்ட பெரியவரிடம்தான் வேடிக்கை. அவருடைய சிலிண்டர்மேல் ஒரு கோணிச்சாக்கு போர்த்தியிருந்தது. சோதனைக்கு வந்தவர் சாக்கைத் தூக்கிப் பார்த்தால் சிவப்புச் சிலிண்டர்.

"ஐயா, இது வீட்டு சிலிண்டராச்சே."

"ஆமா சார், வீட்டுலேருந்துதான் கொண்டாந்தேன்."

சுற்றி நின்ற எல்லோரும் சிரித்துவிட்டோம், சோதனைக்கு வந்தவர் உட்பட. ஆனால் சிலிண்டர் போனது போனதுதான். கடைக்கு 19 கிலோ நீலச் சிலிண்டர் மாதிரி கமர்ஷியல் சிலிண்டர்தான் வைக்க வேண்டும். வீட்டுக்கு வருகிற 14.2 கிலோவை வியாபாரத்துக்குத் தொடக்கூடாது. அன்று சாயங்காலம் எங்கள் இரண்டாவது அடுப்பில்தான் அவர் பஜ்ஜி போட்டார். எண்ணெய் வாசனை பணியாரத்தில் ஏறிவிடுமோ என்று ஓரகத்திக்குக் கவலை. ஏறவில்லை.

நான் இங்கே கேட்க வந்தது இன்சூரன்ஸைப் பற்றி. இத்தனை காகிதம் கேட்டவர்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் மட்டும், ஸ்டாலால் யாருக்கு என்ன ஆனாலும் கடைக்காரரே பொறுப்பு என்று பொடி எழுத்தில் இருந்தது. விசாரித்தால், "மேடம், விழாவுக்கே பாலிசி எடுத்திருக்கோம், கவலைப்படாதீங்க" என்றார்கள். காட்டச் சொன்னேன். போனில் காட்டினார்கள். மேடை, ஒலி, ஒளி, சங்க நிர்வாகிகள் எல்லாம் அதில் இருந்தது. ஸ்டால்காரர்கள் என்ற சொல்லே இல்லை. உங்களுக்கெல்லாம் எப்படி?

அடையாறு ஆற்றங்கரை

நாங்கள் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா திருவிழாவுக்குக் கடை போடுகிற குடும்பம். ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 வரை ஓடும். பர்மிட் விஷயத்தில் எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: கால் வைக்கிற இடம் யாருடையது என்று முதலில் கேளுங்கள். வளாகத்துக்குள் என்றால் நிர்வாகம், ரோடு என்றால் மாநகராட்சி, போக்குவரத்துக்குப் போலீஸ். நான்கடி தள்ளிப் போட்டால் கேட்கிற ஆள் மாறிவிடுவார்.

மாநகராட்சி கொடுத்த வியாபாரி அட்டை இருந்தால் எந்த விழாவிலும் உட்காரலாம் என்று பலர் நம்புகிறார்கள். 2014 தெரு வியாபாரிகள் சட்டம் நல்ல சட்டம். தெருக்கடை விஷயங்களைப் பார்க்கிற நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. ஆனால் அந்தச் சட்டப்படி கொடுக்கிற விற்பனைச் சான்று ஓர் இடத்துக்கோ சுற்றுக்கோ கட்டுப்பட்டது, விழாவுக்கு விழா தூக்கிக்கொண்டு போக முடியாது. ரயில்வே இடத்துக்கு அந்தச் சட்டமே செல்லாது. பறக்கும் ரயில் ஸ்டேஷன் வாசலில் அட்டையைக் காட்டி வாதாடிய ஆட்களை நான் பார்த்திருக்கிறேன், பாவமாக இருக்கும்.

என் மாமா பஞ்சு மிட்டாய் போடுவார். 2024 பிப்ரவரியில் ரோடமின் பி சாயம் இருக்கிறது என்று தமிழ்நாட்டில் தடை வந்ததும் ரோஸ் கலரை விட்டுவிட்டு வெள்ளையாகப் போட ஆரம்பித்தார். குழந்தைகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தடை சரியானதுதான், அந்தச் சாயம் துணிக்குப் போடுவது. ஆனால் மெஷின் கடனை யார் கட்டுவது? எந்த பாலிசியிலும் அதற்குக் காசு வராது.

தீபாவளி பங்கு

நாலு பேர் சேர்ந்து தற்காலிகப் பட்டாசுக் கடை போட்டோம். உங்கள் சோதனையெல்லாம் சும்மா. வெடிபொருள் விதிகள் 2008 படி ஷெட் தீப்பிடிக்காத பொருளில் இருக்க வேண்டும், கடைக்கும் கடைக்கும் 3 மீட்டர் விட வேண்டும், எதிரெதிரே வாசல் வைக்கக்கூடாது, ஒரு தொகுப்பில் 50 கடைக்கு மேல் கூடாது. பல்பை ஒயரில் தொங்கவிட்டால்கூட அவிழ்க்கச் சொல்வார்கள். அப்புறம் இன்சூரன்ஸ்? பட்டாசு என்று வாயைத் திறந்ததும் ஏஜென்ட் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

பாலிசி பார்ப்பவன்

இந்தத் தொழிலில் இருக்கிறேன், விற்க வரவில்லை. பணியாரக்கார அக்கா கேட்டதற்கு மட்டும் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பெரியவரின் சிவப்புச் சிலிண்டர். எண்ணெய் நிறுவனங்கள் கேஸ் இணைப்பு உள்ளவர்களுக்காகப் பொதுப் பொறுப்புக் காப்பீடு (நம்மால் மற்றவர்களுக்கு ஏற்படும் பாதிப்புக்கு இழப்பீடு தருவது) எடுத்து வைத்திருக்கின்றன. கேஸ் விபத்தில் உயிர் போனால் ஆளுக்கு 6 லட்சம், சொத்துச் சேதத்துக்கு அதிகபட்சம் 2 லட்சம். ஆனால் சொத்துச் சேதம் என்றால் இணைப்புப் பதிவான முகவரியில் நடந்திருக்க வேண்டும். விழாவில் பந்தல் எரிந்தால் அந்த 2 லட்சத்தை மறந்துவிடலாம். சாக்குக்கு அடியில் இருந்தது அபராதம் மட்டுமல்ல, இந்த நஷ்டமும்தான். விபத்து நடந்தால் உடனே டீலருக்கும் போலீசுக்கும் எழுத்தில் கொடுங்கள். வாய்வார்த்தையில் கிளெய்ம் நகராது.

அடுத்து, கடைச் சரக்கு. சிறு தொழிலுக்கு 2021 ஏப்ரலில் இருந்து பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்ற தீ பாலிசி இருக்கிறது, 5 கோடி வரை மதிப்புள்ள இடங்களுக்கு. பாலிசியில் எந்த முகவரி போட்டிருக்கிறதோ அங்கேதான் செல்லும். மந்தைவெளிச் சமையலறைக்கு எடுத்த பாலிசி விழா மைதானத்துக்கு நடந்து வராது. 

வாடிக்கையாளர்மேல் எண்ணெய் தெறித்தால், குழந்தை ஒயரில் தடுக்கி விழுந்தால், அதற்குத்தான் பொதுப் பொறுப்பு பாலிசி. இதில் ஒரு நுணுக்கம்: சாப்பிட்டவருக்கு வயிறு கெட்டால் சாதாரண பாலிசியில் வராது, உணவுக்கென்று தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். சாப்பாட்டுக் கடைக்காரர் முதலில் கேட்க வேண்டியதே இதைத்தான், ஆனால் கேட்டவர்களை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். தனித்தனியாக எடுத்தால் கட்டுப்படியாகாது. விழா நடத்துகிறவர்களின் பாலிசியிலேயே ஸ்டால்காரர்களையும் காப்பீடு பெறுவோராகச் சேர்க்கச் சொல்லுங்கள். கூடுதல் பிரீமியத்தைத் தரைவாடகையோடு பிரித்துக்கொள்ளலாம். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். பணம் போனபிறகு யாரும் பாலிசியைத் திருத்தமாட்டார்கள்.

கடையில் நிற்கிற ஆட்களுக்கு பிரதமரின் விபத்துக் காப்பீடு, வருடத்துக்கு 20 ரூபாய், உயிர் போனால் 2 லட்சம். 18 வயதிலிருந்து 70 வரை. மே மாதக் கடைசியில் வங்கிக் கணக்கில் அந்த 20 ரூபாய் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ஜூன் 1 முதல் பாலிசி கிடையாது, யாரும் கூப்பிட்டுச் சொல்லவும் மாட்டார்கள்.

அடையாறு ஆற்றங்கரை

ஷாமியானா எரிந்தால் யார் கணக்கு?

பாலிசி பார்ப்பவன்

பந்தல்காரருடையது. ஆனால் உங்கள் அடுப்பால் எரிந்தது என்று அவர் வந்தால், அது பொதுப் பொறுப்பு பாலிசிக்குள் வருகிறதா என்று வார்த்தையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பாலிசி நகலை வாங்கி, பெயர் இருக்கிற பக்கத்தையும் எதற்கெல்லாம் காசு வராது என்று விலக்குகள் இருக்கிற பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.