புதுப்பிப்பு: பிரேக் பூஸ்டர் (மிதிக்கிற விசையைக் கூட்டிக் கொடுக்கிற பாகம்) மாற்றியாச்சு

என் வண்டியோட பிரேக் பெடல் கல் மாதிரி இறுகிப் போச்சு, மிதிச்சா "உஸ்"னு சத்தம் வருதுன்னு முன்னாடி எழுதியிருந்தேன். நீங்க சொன்ன சோதனையைச் செஞ்சேன். இன்ஜினை அணைச்சு நாலஞ்சு தடவை மிதிச்சு, பெடலை அழுத்திப் பிடிச்சபடியே ஸ்டார்ட் பண்ணேன். பெடல் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கணும், அசையவே இல்லை. இன்ஜினோட உறிஞ்சு விசையைப் பூஸ்டருக்குக் கொண்டுபோற வேக்கம் ஹோஸும், காத்து பூஸ்டருக்குள்ளே திரும்பப் போகாம தடுக்கிற செக் வால்வும் நல்லாவே இருந்தன. ஆக, பூஸ்டர்தான்.

கழட்டினப்போதான் உண்மையான காரணம் தெரிஞ்சுது. பூஸ்டருக்குள்ளே பிரேக் ஆயில் தேங்கி நின்னுது. பிரேக் ஆயிலை வீலுக்குத் தள்ளுற மாஸ்டர் சிலிண்டரின் பின்பக்க சீல் கசிஞ்சு, பூஸ்டருக்குள்ளே இருக்கிற ரப்பர் சவ்வை (டயாஃப்ரம்) கெடுத்திருக்கு. பூஸ்டரை மட்டும் மாத்தியிருந்தா புதுசும் இதே கதிக்கு ஆளாகியிருக்கும். அதனால ரெண்டையும் சேர்த்தே மாத்தினேன்.

டாஷ்போர்டுக்கு அடியில, பெடலுக்குப் பின்னாடி இருக்கிற நாலு நட்டுதான் முதுகை ஒடிச்சுது. மத்ததெல்லாம் சுலபம்.

ஒண்ணை மட்டும் அவசரப்படாம செய்யுங்க: பூஸ்டர்லேர்ந்து மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளுற கம்பியோட, அதாவது புஷ் ராடோட, நீளத்தைச் சரிபார்க்கிறது. நீளம் கூடினா பிரேக் முழுசா விடாது, வீல் சூடாகும். குறைஞ்சா பெடல் வெறுமனே கீழே போகும். நான் ரெண்டு தடவை அளந்துதான் பொருத்தினேன்.

நாலு வீல்லயும் பிரேக் ஆயில் குழாய்க்குள்ளே இருந்த காத்தை எடுத்து, ஆளில்லாத இடத்துல மெதுவா ஓட்டிப் பார்த்தாச்சு. இப்போ லேசா மிதிச்சாலே நிக்குது. வழி காட்டின எல்லாருக்கும் மனசார நன்றி.